புழுதி படியாத கதிரை

டார்னெய்ட், மெல்பேர்ண்
2 செப்டெம்பர் 2024

மங்கைக்கு,

என் கையெழுத்தைக் கண்டு நீர் திகைப்பீர். எழுதுகிற எனக்கே திகைப்பாகத்தான் இருக்கிறது. உம்முடைய அண்ணன் போய் மூன்று வருடமாகிறது. அவருடைய சாம்பல் விஷயத்தில் நீர் செய்த காரியத்துக்குப் பிறகு உம்மோடு பேசுவதில்லை என்று தீர்மானித்தேன். அதில் இன்றுவரை தவறவில்லை. இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன். தொலைபேசி என்றால் நீர் அழுவீர், நான் சத்தம் போடுவேன். கடிதத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

விஷயம் இதுதான். நேற்று வில்காரா ஆஸ்பத்திரியிலிருந்து ஆரூரனைக் கூப்பிட்டார்கள். நீர் மூச்செடுக்க முடியாமல் வந்து சேர்ந்தீராம். டொக்டர் என் மகனிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்: உம்முடைய நுரையீரல் பழுதாகிவிட்டது, அந்தப் பாலைவனத்துப் புழுதிக்குள் இன்னொரு கோடையைக் கழித்தால் நீர் மிஞ்சமாட்டீர்.

ஆகவே கோடை தொடங்கும் முன் நீர் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். வீடு என் பெயரில் இருக்கிறது. இதுவரை அதை நான் சொல்லிக்காட்டியதில்லை, இன்று சொல்லிக்காட்டுகிறேன். இங்கே பின்னறை இருக்கிறது. என் மருமகள் ஹரிப்பிரியா அதில் உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்றை வைத்திருக்கிறாள். அவள் அதில் ஏறி நான் கண்டதில்லை. எடுத்துவிடலாம்.

ஆரூரன் எந்த நாள் வந்து உம்மைக் கூட்டிவர வேண்டும் என்று எழுதும். கடிதத்தில் திகதி போடும். முன்பெல்லாம் நீர் போடமாட்டீர்.

நாகேஸ்வரி கல்யாணசுந்தரம்


வில்காரா
12 செப்டெம்பர் 2024, வியாழன்

அன்புள்ள மச்சாள்,

திகதி போட்டிருக்கிறன், பாருங்கோ. கிழமையும் போட்டிருக்கிறன்.

பெற்றோல் நிலையத்து கொலின்தான் உங்கட கடிதத்தைக் கொண்டுவந்து தந்தவன். "உன்ர மச்சாள் இன்னும் உயிரோட இருக்கிறாவா?" எண்டு கேட்டான். "என்னைப் புதைச்சுப்போட்டுத்தான் அவ போவா" எண்டு சொன்னனான். விழுந்து விழுந்து சிரிச்சான்.

நான் வரேல்லை மச்சாள். கோபத்தில சொல்லேல்லை. அண்ணையை இஞ்ச தனிய விட்டிட்டு வர ஏலாது.

நீங்கள் இருந்த காலத்தில புழுதிக்காத்து வருசத்துக்கு ஒருக்கால் வரும். இப்ப மழையே இல்லை, அதால அடிக்கடி வருது. மேற்கில ஒரு சிவப்புச் சுவர் எழும்பும். முதல்ல ஒரு சத்தமும் இராது. மரத்தில கத்திக்கொண்டிருக்கிற கிளியள் எல்லாம் ஒரேயடியா வாயை மூடும். பிறகு பட்டப்பகல் இருட்டும். இரவின்ர கறுப்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சூரியனைப் பார்த்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு. கதவுக்குக் கீழே ஈரத் துவாய் வைப்பன், யன்னல் இடுக்கெல்லாம் ஒட்டுவன். எண்டாலும் வந்திடும். சீனிப் போத்தலுக்குள்ள, சாமிப் படத்துக் கண்ணாடிக்குப் பின்னால, பல்லுக்கு இடையில.

சொல்ல வந்தது இதில்லை. முன்னறையில நீங்களும் அண்ணையும் பின்நேரம் தேத்தண்ணி குடிக்கிற அந்த இரண்டு பிரம்புக் கதிரையும் அப்படியேதான் கிடக்கு. காத்து அடிச்சு ஓய்ஞ்ச பிறகு போய்ப் பார்த்தால் உங்கட கதிரையில புழுதி கம்பளி மாதிரிக் கிடக்கும். அண்ணையின்ரையில ஒரு தூசி இராது. இருக்கிற இடம், முதுகு சாயிற இடம், கை வைக்கிற இடம், எல்லாம் துப்புரவு. கீழே நிலத்தில இரண்டு பாதம் அளவுக்கும் துப்புரவு. ஆள் இருந்திட்டு எழும்பிப் போன மாதிரி.

ஒருக்கால் எண்டால் நானும் பேசாமல் விட்டிருப்பன். ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான்.

அவர் வாற நேரம் வீட்டில ஆளில்லாட்டில் என்ன செய்வார், சொல்லுங்கோ.

மங்கையர்க்கரசி


டார்னெய்ட்
23 செப்டெம்பர் 2024

மங்கைக்கு,

உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபத்தில். இரண்டாம் தரம் நீர் காய்ச்சலில் எழுதினீரோ என்று பார்ப்பதற்கு.

நான் கொன்வென்றில் படித்தவள். அந்தக் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவளுக்கு எந்தப் பேயும் பெரிதாகத் தெரியாது. காரணத்தைக் கேளும். அவருடைய கதிரை யன்னலுக்கும் நடைக்கும் நேராக இருக்கிறது. இடுக்கால் வரும் காற்று அதன்மேல் அடித்துப் புழுதியைத் தள்ளுகிறது. அல்லது நீரே போய்த் துடைத்துவிட்டு, துடைத்ததை மறந்துவிடுகிறீர். மூச்சுத் திணறுகிறவர்களுக்கு அப்படி நடக்கும் என்று ஹரிப்பிரியா சொல்கிறாள். அவள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள்.

அடுத்த முறை புழுதி வருமுன் இரண்டு கதிரையிலும் பத்திரிகைத் தாள் விரியும். முன்னறையைப் பூட்டிவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் இரும். பிறகு பார்த்ததை மட்டும் எழுதும். நினைத்ததை எழுத வேண்டாம்.

நீர் அவருடைய பேச்சை எடுத்தபடியால் நானும் எடுக்கிறேன். அவர் அங்கே கண்ணை மூடியபோது நான் கண் சத்திரசிகிச்சைக்காக மெல்பேர்ணில் இருந்தேன். தொற்றுநோய்க்காக மாநில எல்லையை மூடியிருந்தார்கள். என் கணவர் எரிந்ததை நான் கணினித் திரையில் பார்த்தேன். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. சாம்பலையாவது நான் வரும்வரை வைத்திரும் என்று உம்மிடம் கேட்டேன். என் தகப்பனைக் கீரிமலையில் கரைத்தோம். கடல் எடுத்துக்கொண்டு போனது. நீர் என் கணவரைத் தண்ணீரே இல்லாத ஓர் ஏரியில் கொட்டினீர். அதன்பிறகு அவர் காற்றோடு போனார்.

அவர் வந்துபோகிறார் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தண்ணீரில் கரைக்கப்பட்டவர்கள் திரும்பி வருவதில்லை. நீர் அவரைக் கரைக்கவில்லையே.

புறப்படும் நாளை எழுதும்.

நாகேஸ்வரி


வில்காரா
17 ஒக்டோபர் 2024, வியாழன்

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் சொன்ன மாதிரியே செய்தனான். செவ்வாய்க்கிழமை கிளியள் வாயை மூடின உடனே இரண்டு கதிரையிலயும் தாள் விரிச்சன். முன்னறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகினன். குசினிக்குள்ள நிலத்தில இருந்து ஈரத்துணிக்குள்ளால மூச்செடுத்துக்கொண்டிருந்தன்.

பார்த்ததை எழுதுறன். உங்கட கதிரையில தாள் விரிச்ச மாதிரியே கிடந்தது, சிவத்துப்போய். அண்ணையின்ர கதிரையில தாள் இல்லை. கதிரைக்கு வலப்பக்கத்தில நிலத்தில கிடந்தது. நாலா மடிச்சு, குறுக்கெழுத்துப் பக்கம் மேல தெரிய.

நான் ஒண்டும் நினைக்கேல்லை. பார்த்தது அவ்வளவுதான்.

பிறகு மழை வந்தது. மழை எண்டு சந்தோசப்பட்டு வெளியில ஓடினன். துளி கையில விழுந்து பார்த்தால் சேறு. வானத்திலயிருந்து சேறுதான் பெய்தது மச்சாள். தகரக் கூரையில விழுற சத்தமும் மழைச் சத்தம் இல்லை. ஆரோ ஈரக்கையால தட்டுற மாதிரி. நல்லாப் பெய்யவும் இல்லை. வீட்டுச் சுவர், கொடியில கிடந்த என்ர சீலை, கொலின்ர நாய், எல்லாத்துக்கும் பூசிப்போட்டு நிண்டிட்டுது.

ஏரிக் கதையை நீங்கள் என்னட்ட ஒருநாளும் கேட்கேல்லை. பேசினியள், ஏசினியள், கேட்கேல்லை. முப்பத்தோராம் நாள் அது. முழுகி, விரதம் இருந்து, சாம்பல் முட்டியைக் கையில எடுத்துக்கொண்டு படி இறங்கினன். வரைபடத்தில ஏரி நீலமாத்தான் போட்டிருந்தது. கொலின் தன்ர வண்டியில கூட்டிக்கொண்டு போனான். போய் இறங்கினால் அடிவானம் மட்டும் வெடிச்ச மண். "தண்ணி எங்கயடா?" எண்டு கேட்டன். "ஏரிக்குப் போகவேணும் எண்டுதானே சொன்னனீ, தண்ணி வேணும் எண்டு சொல்லேல்லையே" எண்டான். இஞ்ச எல்லா ஏரியும் அப்பிடித்தானாம். பெயர் மட்டும்தானாம்.

மச்சாள், கரைக்க எண்டு வெளிய எடுத்த முட்டியைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது. உங்களுக்குத் தெரியாததே? வீட்டுக்கும் கொண்டுபோக ஏலாது, தெருவில வைக்கவும் ஏலாது. ஏரி நடுவுக்கு நடந்து போய்க் கொட்டினன். குடிக்கக் கொண்டுபோன போத்தல் தண்ணியை மேல ஊத்தினன். மண் ஒரு மிடறில குடிச்சிட்டுது.

வேற என்ன செய்திருக்கலாம், நீங்களே சொல்லுங்கோ.

மங்கை


டார்னெய்ட்
4 நவம்பர் 2024

மங்கைக்கு,

நீர் கேட்டதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. கிடைத்தால் எழுதுவேன்.

தாள் மடிந்து கிடந்தது பற்றி: காற்றுத் தாளை மடிக்கும். அவர் குறுக்கெழுத்துக்கு மடிக்கிற மாதிரி நாலாக மடிக்குமா என்று எனக்குத் தெரியாது.

இங்கே நடந்ததை நானும் எழுதுகிறேன். பார்த்ததை மட்டும். நேற்று மத்தியானம் வடக்கு வானம் பழுப்பாகிக் கிடந்தது. உள்நாட்டுப் புழுதி காற்றில் வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். பின்நேரம் மழை தூறியது. ஹரிப்பிரியா பின்வளவிலிருந்து கத்தினாள்: "அத்தை, ஓடி வாங்க! வெள்ளை ஷீட்டெல்லாம் காயப்போட்டிருந்தேன், எல்லாமே காவி கட்டிடுச்சு! இனி நாம சந்நியாசம் வாங்கிட வேண்டியதுதான்!" அவள் எதையும் சிரித்தே சொல்வாள், மெட்ராஸ் பிள்ளை. தெரு முழுக்கக் கார்களில் செம்மண் சேறு. அயல் வீட்டுப் பஞ்சாபிப் பொடியன்கள் குழாயோடு நின்று காரைக் கழுவுவதோடு ஒருவரையொருவரும் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவிலும் சேறு படிந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் படியவில்லை. என் தலைக்கு மேலே, ஒரு நெற்றி அளவுக்கு. அதன் இரண்டு பக்கமும் உள்ளங்கையின் ஓரம் அளவுக்கு.

அவர் வெளியிலிருந்து வந்தால் நேரே உள்ளே வரமாட்டார் என்பது உமக்குத் தெரியும். நெற்றியைக் கண்ணாடியில் வைத்து, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்து, சொந்த வீட்டை அயலான் மாதிரி எட்டிப் பார்ப்பார். வில்காரா முழுக்க டொக்டர் என்று கைகட்டி மரியாதை கொடுத்த மனிதர், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கை வைத்துவிட்டு என்னிடம் பேச்சு வாங்குவார்.

மங்கை, ஆரூரன் இந்த வீட்டை வாங்கியது அவர் போன பிறகு. அவர் இந்தத் தெருவைக் கண்டதே இல்லை.

கதவைக் கழுவிவிட்டேன். அழுக்குக் கண்ணாடியோடு இருக்க எனக்கு முடியாது. ஆரூரனிடம் சொல்லவில்லை.

கோடைக்கு இன்னும் சில வாரமே இருக்கிறது. புறப்படும் நாளை எழுதும் என்று இது மூன்றாம் தரம் கேட்கிறேன். மூன்றாம் தரம் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

நாகேஸ்வரி


வில்காரா
21 நவம்பர் 2024, வியாழன்

அன்புள்ள மச்சாள்,

அண்ணை அங்க வந்திட்டுப் போனவர் எண்டு நீங்கள் எழுதினதை வாசிச்சு எனக்குக் கொஞ்சம் பொறாமையாய் இருந்தது. இப்ப இல்லை.

போன கிழமை பெரிய காத்து. கதவைத் திறந்து பார்த்தால் இரண்டு கதிரையும் துப்புரவு. அண்ணையின்ரையும், பக்கத்தில உங்கடையும். ஆனால் உங்கட கதிரைக்குக் கீழ பாத அடையாளம் இல்லை. புழுதி அப்படியே கிடந்தது. அப்ப ஆரும் அதில இருக்கேல்லை மச்சாள். ஆருக்கோ துடைச்சு வைச்சிருக்கு.

இஞ்ச நான்தானே இருக்கிறன்.

அதால இந்தக் கிழமை திரும்பக் காத்து அடிக்கேக்க குசினிக்குப் போகேல்லை. ஈரத்துவாயும் வைக்கேல்லை. அந்தக் கதிரையில போய் இருந்தன். சிவப்பு இருட்டு வந்து மடியில குந்தினது. பக்கத்துப் பிரம்பு ஆள் இருக்கேக்க கிரீச்சிடுமே, அந்தச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கேல்லை. பார்த்தால் போயிடுவார் எண்டு ஒரு எண்ணம்.

சொன்னால் நம்பமாட்டியள், அதில இருக்கிற நேரம் இருமல் நிண்டிடுது. நெஞ்சில ஒரு பாரமும் இல்லை. எழும்பினால்தான் இருமல். எழும்பின பிறகு துப்பினால் சிவப்பாய்ப் போகுது. மண்ணோ வேறயோ தெரியேல்லை.

ஆரூரனுக்குக் கரைச்சல் குடுக்காதேங்கோ. வேலையை விட்டிட்டு இவ்வளவு தூரம் ஓடி வரத் தேவையில்லை. எனக்கு இஞ்ச இடம் போட்டாச்சு.

மங்கை


டார்னெய்ட்
27 நவம்பர் 2024

மங்கை,

அது என்னுடைய கதிரை.

கலியாணம் முடித்து அந்த ஊருக்கு வந்த முதல் மாதத்தில், பழைய சாமான் விற்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் பேரம் பேசி வாங்கினேன். இடப்பக்கத்தது என்னுடையது. விருந்தாட்கள் வந்தாலும் அதில் இருக்கமாட்டார்கள். இருந்தால் நான் பார்க்கிற பார்வையில் எழும்பிவிடுவார்கள். அவர் அந்தக் கதிரையை யாருக்காகத் துடைத்து வைத்தாலும் உமக்காகத் துடைத்திருக்கமாட்டார். மூன்று வருடமாக அந்த மனிதர் பெண்சாதியைக் காணாமல் நிற்கிறார், உமக்கு அது விளங்கவில்லை. நடுவில் போய் ஏறி இருக்கிறீர்.

இனி அதில் இருக்கக் கூடாது. முன்னறைக்குள்ளேயே போகக் கூடாது.

சனிக்கிழமை ஆரூரனும் நானும் வருகிறோம். உடுப்பைக் கட்டி வையும். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும் என்று நினைக்கிறேன். சேராவிட்டால் வாசலில் நின்று நானே வாசித்துக் காட்டுவேன்.

நாகேஸ்வரி


டார்னெய்ட்
9 டிசெம்பர் 2024, திங்கள்

அன்புள்ள மச்சாள்,

இப்ப நான் உங்கட முகவரியில இருந்து எழுதுறன், நீங்கள் என்ர முகவரியில. கொலின் இதைக் கொண்டுவந்து தரேக்க நல்லாக் குழம்பப்போறான்.

என்னைக் காரில ஏத்திப் பட்டியையும் பூட்டிப்போட்டு, "வீட்டை அடுக்கித் திறப்பைக் கொலினிட்டக் குடுத்திட்டு, அடுத்த கிழமை பஸ்சில வாறன்" எண்டு சொன்னியள். ஆரூரன் கெஞ்சினான். "அம்மா, விளையாடாதேங்கோ, ஏறுங்கோ" எண்டான். "நான் எப்ப விளையாடினனான்?" எண்டு கேட்டுப்போட்டு உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்தினியள். வழியில பிள்ளை இரண்டு இடத்தில நிப்பாட்டி முகத்தைக் கழுவினான்.

இஞ்ச ஒரு மெசினுக்குள்ள ஊதச் சொன்னவை. மருந்து தந்திருக்கினம். நேரத்துக்கு வந்து சேர்ந்தியள், இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் ஒண்டும் செய்திருக்கேலாது எண்டு டொக்டர் சொன்னவா. ஹரிப்பிரியா மிளகு ரசம் வைச்சுத் தாறாள். "சித்தி, இது குடிச்சா கங்காரு மாதிரி குதிப்பீங்க" எண்டு சொல்லுறாள். அந்தச் சைக்கிளையும் எடுத்து வெளிய வைச்சிட்டாள்.

நீங்கள் போனை எடுக்கிறியள் இல்லை. எடுக்கமாட்டியள், தெரியும். அதால எழுதுறன். வெள்ளிக்கிழமை உங்கட பக்கம் மோசமான புழுதிக்காத்து எண்டு இப்பவே செய்தியில சொல்லுகினம். அதுக்கு முன்னம் பஸ்சில ஏறுங்கோ. நான் உங்கட கதிரையில இருந்தது பிழைதான். நீங்களும் இருக்காதேங்கோ மச்சாள்.

உங்கட,
மங்கை


வில்காரா
14 டிசெம்பர் 2024

அன்புள்ள மங்கைக்கு,

உம்முடைய கடிதத்தைக் கொலின் நேற்றுக் காலையில் கொண்டுவந்தான். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. நான் போகவில்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தேன். துவாய்களை நனைத்துக் கதவடியில் வைத்தேன். யன்னல் இடுக்குகளை ஒட்டினேன். நீர் ஒட்டியிருந்த விதம் சரியில்லை. பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன். முன்னறையைக் கூட்டி, இரண்டு கதிரையையும் ஈரத்துணியால் துடைத்தேன். கிளிகள் சத்தத்தை நிறுத்தியதும் போய் இருந்தேன். என்னுடைய கதிரையில் அல்ல. அவருடையதில்.

ஏனென்று சொல்கிறேன். வந்தால் அவர் நிற்கட்டும் என்று நினைத்தேன். இடம் வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்கட்டும். சொல்லாமல் போன மனிதர் அவர்.

நீர் எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை. அந்த நிறத்துக்கு எனக்கும் வேறு பெயர் தெரியவில்லை. என் கையை முகத்துக்கு நேரே பிடித்தேன், தெரியவில்லை. அப்போதுதான் பேசினேன். வாய்க்குள் மண் நிறைந்தது. பரவாயில்லை என்று பேசினேன்.

"இஞ்சேருங்கோ," என்றேன். "மங்கையை விடுங்கோ. அவள் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு, தெரிந்த மட்டில் உங்களுக்குச் செய்தாள். வேறு யாரும் அங்கே வரவில்லை. நானும் வரவில்லை. அவள் இருமி இருமிச் சாக வேண்டியதில்லை. கணக்கு எதுவும் இருந்தால் என்னோடு பேசுங்கோ."

நீர் ஒக்டோபரில் கேட்ட கேள்விக்கும் அதுதான் என் பதில். வேறு ஒன்றும் செய்திருக்க முடியாது. இதை நான் அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

பிறகு இடப்பக்கத்துப் பிரம்பு கிரீச்சிட்டது. நானும் திரும்பவில்லை. பயத்தில் அல்ல. கோபமாக இருந்தால் நான் அவர் பக்கம் திரும்புவதில்லை, அது அவருக்குத் தெரியும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

வெளிச்சம் வந்ததும் எழும்பினேன். குசினியும் நடையும் படுக்கையறையும் சிவப்பாய்க் கிடந்தன. என்னுடைய கதிரையில் ஒரு தூசி இல்லை. நிலத்தில் இரண்டு பாதத்தின் அளவுக்குப் புழுதி படியவில்லை. விரல்கள் என் பக்கம் திரும்பியிருந்தன.

கூரையில் சேற்று மழை தட்டத் தொடங்கியது. நான் அறையைக் கூட்டவில்லை. கூட்டாமல் விட்ட முதல் நாள் இதுதான்.

ஆரூரன் என்னைக் கூப்பிட வந்தால் அவனோடு நீர் வர வேண்டாம். மருந்தை நேரத்துக்கு எடும். ரசத்தைக் குடியும். என் அறையை உம்முடைய அறையாக வைத்துக்கொள்ளும். அலுமாரியில் மேல்தட்டு வெறுமையாக இருக்கிறது. புழுதி ஓய்ந்தது, திரும்பிப் போகலாம் என்று எப்போதாவது மனம் சொன்னாலும் கேட்காதேயும்.

இந்த வீட்டில் இரண்டு கதிரைதான் இருக்கிறது, மங்கை. இரண்டிலும் ஆள் இருக்கிறது.

நாகேஸ்வரி